தங்கம் பூசிய தோலும் தீட்டுப் பூசிய தோலும்

தோலைப் பற்றி நமக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. செத்த மாட்டைத் தூக்கியவர்கள் நாம். உரித்தவர்கள் நாம். அந்தத் தோலைக் காயவைத்து, சட்டத்தில் இழுத்துக் கட்டிப் பறையாக்கி, ஊரான் வீட்டுச் சாவுக்கும் ஊர்ச் சாமிக்கும் அடித்தவர்கள் நாம். அடித்து முடித்ததும் 'எட்டிப் போ' என்று சொல்லக் கேட்டவர்களும் நாம்தான். தோல் தீட்டு, தோலைத் தொட்டவன் தீட்டு என்பதுதான் நமக்குச் சொல்லப்பட்ட தத்துவம். வெயில் சுடும், தண்ணி குளிரும் என்பது மாதிரி இதுவும் ஒரு இயற்கை விதி என்று நம்மில் பாதிப்பேரை நம்ப வைத்தும் விட்டார்கள்.

அது இயற்கை விதி இல்லை என்பதற்கு ஒரு சாட்சி எனக்குத் தூரத்திலிருந்து கிடைத்தது. ஐரோப்பாவில் பதினைந்தாம் நூற்றாண்டில் கிறித்துவ மடங்களிலும் பேராலயங்களிலும் எழுதிவைத்த வழிபாட்டுப் பாட்டுப் புத்தகங்கள்தான் அந்தச் சாட்சி. இறையியல் படிக்கும் தோழர் ஒருவர் அந்தப் புத்தகங்களின் பக்கங்களை வண்ணத்தில் அச்சிட்ட தொகுப்பு ஒன்றைக் கம்மாபுரத்துக்கு எடுத்துவந்து, பத்து நாள் என்னிடம் விட்டுவிட்டுப் போனார்.

ஒரு பக்கத்தில் ஐந்தாறு வரிப் பாட்டுக்குமேல் இல்லை. நாலு சிவப்புக் கோடு, அதன்மேல் சதுரம் சதுரமாகக் கறுப்புப் புள்ளி. குரல் எங்கே ஏற வேண்டும், எங்கே இறங்க வேண்டும் என்பதற்கான அடையாளம் அது. கீழே லத்தீன் எழுத்து, ஒவ்வொன்றும் கட்டைவிரல் தடிப்பு. முதல் எழுத்து மட்டும் பலகணி மாதிரிப் பெரிசு. அந்த எழுத்துக்குள்ளேயே குழந்தை ஏசு, மாட்டுத் தொழுவம், மலை, ஆறு, தேவதூதர். சுற்றிலும் கொடியும் பூவும். எல்லாவற்றுக்கும் மேலே தங்கம். வெறும் மஞ்சள் சாயம் இல்லை, அசல் தங்கத் தகடு.

காலனியில் திண்ணையில் உட்கார்ந்து இதைப் புரட்டிக்கொண்டிருந்தபோது சின்னம்மா எட்டிப் பார்த்தது.

"என்னா காயிதம்டா இது, இம்மாம் பெருசு?"

"காயிதம் இல்ல சின்னம்மா, தோலு."

"தோலா? தோலயா கோயிலுக்குள்ள வெச்சிருந்தாங்க?"

"உள்ளதான். சாமிக்கு நேரா, பாடுறவங்களுக்கு முன்னால."

சின்னம்மா கொஞ்சநேரம் பேசவில்லை. அப்புறம், "உரிச்சவன் எங்க நின்னான்?" என்று கேட்டது. எம்.ஏ. தமிழ் படித்த நான் கேட்காத கேள்வி, பள்ளிக்கூடமே போகாத சின்னம்மாவுக்கு உடனே வந்துவிட்டது. அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்தத் தோலை எப்படிச் செய்தார்கள் என்று பார்ப்போம். வடக்கு நாடுகளில் கன்றுத்தோல் அதிகம். இத்தாலிப் பக்கம் செம்மறித்தோலும் வெள்ளாட்டுத்தோலும் நிறைய. உரித்த தோலைச் சுண்ணாம்புத் தண்ணியில் பல நாள் ஊறப்போடுவார்கள். மயிர் இளகியதும் வழித்தெடுப்பார்கள். பிறகு ஒரு மரச்சட்டத்தில் நாலாபக்கமும் கயிறு போட்டு இழுத்துக் கட்டி, பிறைநிலா மாதிரி வளைந்த கத்தியால் சுரண்டுவார்கள். காயக் காயக் கயிற்றை முறுக்கி இறுக்குவார்கள். இறுக்க இறுக்கச் சுரண்டுவார்கள். பட்டை போட்டு ஊறவைத்துப் பதனிடுவது செருப்புக்கான வேலை. இது பதனிடாத தோல். சுண்ணாம்பும் இழுவையும்தான் இதைத் தோலிலிருந்து ஏடாக்குகின்றன.

இதைப் படித்தபோது எனக்கு எங்க தாத்தாதான் கண்ணில் நின்றார். சுண்ணாம்பு போட்ட சட்டி, மயிர் வழிக்கிற மழுங்கல் கத்தி, சட்டத்தில் இழுத்து ஒட்டப் புளியங்கொட்டைப் பசை. பசை காய்ச்சுவது ஆயாவின் வேலை. மயிர் வழிப்பதிலும் பாதி ஆயாவின் வேலைதான். பறைக்கும் கன்றுத்தோல்தான் ஒசத்தி என்று தாத்தா சொல்வார். அதுவும் பதனிடாத தோல்தான். மழைக்காலத்தில் பறை தொய்ந்துபோகும், வைக்கோலைக் கொளுத்திக் காய்ச்சினால்தான் மறுபடி பேசும். அந்த நாட்டுப் பாட்டுப் புத்தகத்துக்கும் அதே வியாதி. ஈரம் பட்டால் ஏடு நெளியும், புத்தகம் வாயைப் பிளக்கும். அதனால்தான் கனமான மரப்பலகை அட்டை போட்டு, உலோகக் கொக்கி வைத்து இறுக்கி மூடினார்கள். ஒரே வேலை, ஒரே நோய். வைத்தியம் மட்டும்தான் வேறு.

அந்தப் புத்தகங்களில் இரண்டு வகை முக்கியம். திருப்பலியில் பாடும் பாட்டுகள் ஒரு தொகுதி. இரவும் பகலும் குறித்த வேளைகளில் துறவிகள் கூடிப் பாடும் பாட்டுகள் இன்னொரு தொகுதி. ஆளுக்கொரு புத்தகம் கிடையாது. பாடகர் கூட்டம் முழுமைக்கும் ஒரே புத்தகம். உயரமான தாங்கியில் விரித்துவைத்து, சுற்றி நின்று பாடுவார்கள். பின்வரிசையில் நிற்பவருக்கும் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் அத்தனை பெரிய எழுத்து. இவ்வளவு பெரிய புத்தகத்துக்கு ஒரு தோலில் ஒரு மடிப்பு, அதாவது இரண்டு ஏடுதான் தேறும். 150 ஏடு கொண்ட ஒரு புத்தகம் என்றால் 75 உயிரின் தோல். ஒரு மந்தையே ஒரு புத்தகத்துக்குள் கிடக்கிறது.

தோல் மட்டும் இல்லை. கறுப்பு மை, மாசிக்காயையும் அன்னபேதியையும் கலந்து செய்தது. நீலம், ஆப்கானிஸ்தானத்து மலையில் வெட்டியெடுத்த கல்லைப் பொடித்துச் செய்தது. தங்கத்தை ஒட்டவைக்கத் தோல் சீவலைக் காய்ச்சி எடுத்த பசையே உதவியது. ஒட்டிய தங்கத்தைத் தேய்த்து மினுக்க நாய்ப்பல்லைக்கூடப் பயன்படுத்தினார்கள். நம்மூர்ச் சாத்திரப்படி பார்த்தால், செத்த மிருகத்தின் தோல், தோல் பசை, நாய்ப்பல் என்று தீட்டுக்குமேல் தீட்டு. இத்தனை தீட்டும் சேர்ந்துதான் அந்தச் சமயத்தின் ஆகப் புனிதமான பாட்டுக்கு உடம்பானது.

இத்தாலியில் சியேனா என்று ஒரு நகரம். அங்குள்ள பேராலயத்துக்கு 1470களில் இப்படி ஒரு பாட்டுப் புத்தக வரிசைக்கு ஓவியம் தீட்டினார்கள். வெரோனா ஊர்க்காரர் லிபராலே, கிரெமோனா ஊர்க்காரர் ஜிரோலமோ என்ற இருவர் அதில் முக்கியமானவர்கள். இன்றைக்கும் அந்தப் பேராலயத்தின் பிக்கொலோமினி நூலகத்தில் அந்த ஏடுகளைக் கண்ணாடிக்குள் விரித்து வைத்திருக்கிறார்கள். என்னை நிறுத்தியது தங்கம் இல்லை, கணக்கு. இந்த ஓவியர்களுக்குக் கொடுத்த கூலியைப் பேராலயத்து நிர்வாகம் கணக்கில் எழுதிவைத்தது. அந்தக் கணக்கை வைத்துத்தான் எந்தப் படம் யார் கையால் ஆனது என்று இன்றைக்கு ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். ஒரு தொழிலாளியின் பெயர் ஐந்நூறு வருடம் தாண்டி நிற்க, அவன் கூலி வாங்கிய ஒரு வரி போதுமானதாக இருந்திருக்கிறது.

இங்கே தோலுக்கு என்ன நடந்தது? தமிழ் படித்தவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல வேண்டும். தோல் இங்கேயும் முதலில் தீட்டாக இருக்கவில்லை. தொல்காப்பியம் ஒவ்வொரு திணைக்கும் கருப்பொருள் சொல்லும்போது தெய்வம், உணவு என்று அடுக்கி, அந்த வரிசையிலேயே பறையையும் வைக்கிறது. புறநானூற்று 335ஆம் பாட்டு துடியன், பாணன், பறையன், கடம்பன் என்று நான்கு குடிகளைப் பெருமையோடு எண்ணுகிறது. மயிரைக்கூடச் சீவாத தோல் போர்த்த முரசைப் பற்றிப் புறநானூறு பேசுகிறது. அரசனின் முரசுக்குத் தனிக் கட்டில் இருந்தது. அந்தக் கட்டிலில் தெரியாமல் படுத்துத் தூங்கிவிட்ட மோசிகீரனாரை வெட்டாமல், சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை விசிறி வீசிய கதையை எல்லாரும் படித்திருக்கிறோம். அரசனின் பெருந்தன்மைக்கு உதாரணமாகத்தான் வகுப்பில் சொல்லித்தந்தார்கள். அந்தக் கட்டில் ஒரு தோல் கருவிக்குரிய புனித ஆசனம் என்பதை யாரும் அழுத்திச் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த கேள்வி வரும் அல்லவா? முரசுக்குக் கட்டில் போட்ட நாட்டில், முரசு கட்டியவன் எப்போது சேரிக்குப் போனான் என்ற கேள்வி.

பின்னாலும் எல்லாத் தோலும் தீட்டாகிவிடவில்லை. பூணூல் போடும் சடங்கில் மான்தோல் உண்டு. தவம் செய்கிற முனிவருக்குப் புலித்தோல். சபாவில் மிருதங்கம். அதில் மாட்டுத்தோல், எருமைத்தோல், ஆட்டுத்தோல் மூன்றும் சேர்கின்றன. வாசிப்பவர் மடியில் ஏறியதும் அது தெய்வீக வாத்தியம். ஆகவே தீட்டு தோலில் இல்லை. யார் கையில் இருக்கிறது என்பதில்தான் இருக்கிறது.

இந்த இடத்தில் எங்க பக்கத்துச் சங்கதி ஒன்று. விருத்தாசலம் வட்டத்தில் கோணான்குப்பம் பெரியநாயகி மாதா கோயில் இருக்கிறது. வீரமாமுனிவர் என்று நாம் படிக்கும் பெஸ்கியோடு சேர்த்துச் சொல்லப்படும் கோயில். விருத்தாசலத்து அம்மன் பெயரும் பெரியநாயகிதான். 3615 பாட்டில் தேம்பாவணி பாடிய பெஸ்கி, 1680இல் இத்தாலியில் மாந்துவா பக்கத்துக் காஸ்திலியோனேயில் பிறந்தவர். சியேனா புத்தகங்களுக்கு ஓவியம் தீட்டிய ஜிரோலமோ, அதற்கு முன் 1460களில் வேலை பார்த்தது அந்த மாந்துவா அரண்மனைக்குத்தான். அதாவது, தோலில் எழுதிய புனிதப் பாட்டைப் பார்த்து வளர்ந்த மண்ணிலிருந்து ஒருவர் எங்கள் வட்டாரத்துக்கு வந்திருக்கிறார். வந்தவர் இங்கே எழுதியது ஓலையில். அது நாட்டு வழக்கம், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் 1822இல் முத்துசாமிப் பிள்ளை எழுதிய அவருடைய வரலாறு, பல்லக்கில் புலித்தோல் விரித்து அதன்மேல் உட்கார்ந்து போனார் என்கிறது. இந்த நாட்டில் எந்தத் தோல்மேல் உட்கார்ந்தால் மரியாதை, எந்தத் தோலைத் தொட்டால் அவமரியாதை என்பதைப் பாதிரிமார் சீக்கிரமே கற்றுக்கொண்டார்கள் என்றுதான் இதை நான் படிக்கிறேன்.

கற்றுக்கொண்டதன் விளைவு கோயிலுக்குள் சுவராக நின்றது. புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை எழுதிய நாட்குறிப்பில் 1745 அக்டோபர் சம்பவம் ஒன்று பதிவாகியிருக்கிறது. சம்பாக் கோயிலுக்குள் பறையர் கிறித்துவர்கள் ஒரு பக்கம், சாதிக் கிறித்துவர்கள் ஒரு பக்கம் என்று நடுவே சுவர். காரைக்கால் பாதிரியார் ஒருவர் தூண்ட, பறையர்கள் போய் மூத்த பாதிரியாரிடம் நியாயம் கேட்கிறார்கள். 'நாங்களும் உங்கள் பிள்ளைகள்தானே, சுவர் எதற்கு?' என்பதுதான் கேள்வி. சுவர் இடிக்கப்படுகிறது. உடனே சாதிக் கிறித்துவர்கள் கொதித்து எழுகிறார்கள். இருநூற்றைம்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. கல்லறையில், தேர் போகும் தெருவில், பாடகர் குழுவில் அந்தச் சுவரின் அஸ்திவாரம் இன்னும் தட்டுப்படுகிறது. 2008 மார்ச்சில் எறையூரில் தலித் கிறித்துவர்கள் தனிப்பங்கு கேட்டதையும், அதையொட்டி நடந்த தாக்குதலையும், துப்பாக்கிச் சூட்டையும் இந்தப் பக்கத்துக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

'அப்போ ஐரோப்பா சொர்க்கமா?' என்று கேட்கலாம். இல்லை. சின்னம்மாவின் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். உரித்தவன் எங்கே நின்றான்? நாற்றத்தைக் காரணம் காட்டித் தோல் வேலைக்காரர்களை ஊர் ஓரத்துக்கு, ஆற்றங்கரைக்குத் தள்ளினார்கள். ஜெர்மன் நாடுகளில் செத்த மாட்டை உரிக்கிறவனை மானங்கெட்ட தொழில்காரன் என்று ஒதுக்கி, அவன் பிள்ளைகளைக்கூடக் கைத்தொழில் சங்கங்களில் சேர்க்காமல் வைத்திருந்தார்கள். மடத்துக்குள்ளேயும் இரண்டு வகைத் துறவிகள். பாடும் துறவி ஒருவகை, வயலிலும் அடுப்படியிலும் பட்டறையிலும் உழைக்கும் சகோதரர் இன்னொருவகை. உழைப்பவருக்குக் கோயிலில் வேறு இடம். அந்தப் பெரிய புத்தகத்தின் முன்னால் நின்று பாடும் உரிமை அவருக்குக் கிடையாது. தங்கம் பூசிய பக்கத்துக்குப் பின்னால் அங்கேயும் ஒரு சுவர் இருந்தது. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. அங்கே தொழில்காரனை ஒதுக்கியபோதும் தோலை ஒதுக்கவில்லை. தோல் பீடத்துக்குப் பக்கத்தில் போனது. இங்கே தோலையும் மனிதனையும் சேர்த்துக் கட்டி, இரண்டையும் பிறப்பால் தீட்டு என்று எழுதிவைத்தார்கள்.

அந்தப் புத்தகங்களுக்குப் பிற்காலத்தில் வந்த கதியும் நமக்கு ஒரு பாடம். 1798இல் பிரெஞ்சுப் படை ரோமுக்குள் புகுந்தபோது சிஸ்டின் சிற்றாலயத்துப் பாட்டுப் புத்தகங்கள் சூறையாடப்பட்டன. லூயிஜி செலோத்தி என்ற பாதிரியார் அப்படிப்பட்ட ஏடுகளை வாங்கினார். 1825இல் லண்டன் கிறிஸ்டி ஏலத்தில் அவை விற்பனைக்கு வந்தபோது புத்தகங்களாக வரவில்லை. ஓவியம் உள்ள இடம் மட்டும் கத்தரித்து எடுக்கப்பட்டு, சட்டம் போட்டு மாட்டும் படங்களாக வந்தன. பாட்டு போனது, படம் நின்றது. பணக்காரன் வீட்டுச் சுவரில் தொங்கிய அந்தத் துண்டின் பின்பக்கத்தில், பாதியில் அறுந்த பாட்டு சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்திருக்கும்.

நம் பறைக்கும் இதே கதி வரக்கூடாது என்பதுதான் என் பயம். பறை இப்போது கல்லூரி விழாவில் ஒலிக்கிறது, சினிமாவில் ஒலிக்கிறது, கட்சி மாநாட்டில் ஒலிக்கிறது. சந்தோசம்தான். திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் தலித் பெண்கள் பறையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஆடி அடித்தபோது, ஆயா காலத்திலிருந்து பசை மட்டும் காய்ச்சிய கைகள் குச்சியைப் பிடித்தன. மதுரை இறையியல் கல்லூரியில் தியோபிலஸ் அப்பாவு, 2005இல் இறக்கும்வரை, நாட்டுப்புற மெட்டிலும் பறையிலும் வழிபாட்டுப் பாட்டு கட்டினார். கர்நாடக ராகத்தில் கீர்த்தனை பாடினால்தான் பக்தி என்றிருந்த கோயிலுக்குள் சேரியின் தாளத்தைக் கொண்டுபோனார். கத்தோலிக்கத் திருச்சபையும் 1963இல் வழிபாட்டைப் பற்றிய சங்க ஏட்டில் தாய்மொழிக்கும் அந்தந்த மக்களின் இசைக்கும் கதவு திறந்தது. இதெல்லாம் வெற்றிகள். ஆனால் மேடையில் அழகான துண்டு மட்டும் கத்தரித்து மாட்டப்பட்டு, பின்பக்கத்துப் பாட்டு அறுந்துபோனால்?

பின்பக்கத்தில் என்ன இருக்கிறது என்று எங்க காலனிக்குத் தெரியும். தாத்தா காலத்தில் பறையடிப்பது கலை இல்லை, கட்டாயம். குடியானத் தெருவில் சாவு என்றால் ராத்திரி பன்னிரண்டு மணியானாலும் போகணும். காய்ச்சலில் கிடந்தாலும் போகணும். கூலி என்று பேசக்கூடாது, கொடுத்ததை வாங்கிக்கணும். கொஞ்சம் நெல், கொஞ்சம் சாராயம், மிஞ்சிய சோறு. எங்க அப்பா காலத்து ஆட்கள் ஒருநாள் கூடி, 'இனிமே யார் சாவுக்கும் அடிக்கிறதில்ல' என்று முடிவெடுத்தார்கள். அதற்காகக் களத்துமேட்டு வேலை போச்சு, கடையில் சாமான் தர மறுத்தார்கள், சில மாசம் சோத்துக்கே திண்டாட்டம். அப்பா சொல்வார்: "பற மேல எங்களுக்குக் கோவம் இல்லடா. கூப்புட்ட குரலு மேலதான் கோவம்." தாத்தாவோ அந்த முடிவுக்குப் பிறகும் பறையை உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டு வைத்திருந்தார். இரண்டு பேருமே சரி என்றுதான் நான் நினைக்கிறேன். பறையை உடைக்கணுமா, எடுக்கணுமா என்று நம் கூட்டங்களில் வருசக்கணக்காகச் சண்டை போடுகிறோம். மறுத்ததும் நம் வரலாறு, கட்டிவைத்ததும் நம் வரலாறு. இரண்டையும் எழுதாவிட்டால் எதிர்காலத்தில் மிஞ்சப்போவது படம் மட்டும்தான்.

தோல் இன்னும் உயிர் வாங்குகிறது என்பதையும் மறக்க முடியாது. 2002 அக்டோபரில் அரியானாவின் ஜஜ்ஜார் பக்கம் துலினாவில், மாட்டுத்தோல் விவகாரத்தில் ஐந்து தலித்துகளை அடித்தே கொன்றார்கள். 2016 ஜூலையில் குஜராத்தின் ஊனாவில், செத்த மாட்டை உரித்த தலித் இளைஞர்களைக் கட்டிவைத்து அடித்தார்கள். அடிபட்டவர்கள் செத்த மாட்டை அள்ள மாட்டோம் என்று அறிவித்தபோது, எங்க அப்பா கூட்டம் எடுத்த முடிவுதான் அங்கேயும் கேட்டது.

மிருதங்கம் செய்கிறவர்கள் யார் என்று டி.எம். கிருஷ்ணா 2020இல் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்ற புத்தகம் எழுதினார். செய்கிறவர்களில் பெரும்பாலோர் தலித் கிறித்துவர்கள். அதன் வெளியீட்டுக்குத் தந்த அரங்க அனுமதியைக் கலாட்சேத்திரா திரும்பப் பெற்றுக்கொண்டது. மிருதங்கம் உள்ளே போகலாம், அதைச் செய்தவன் பெயர் உள்ளே போகக்கூடாது. சியேனா பேராலயத்தின் கணக்குப் புத்தகத்தில் ஓவியன் பெயர் நின்றதையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு பெயரை எழுதுவதற்கு இவ்வளவு எதிர்ப்பு என்றால், பெயரில்தான் என்னவோ இருக்கிறது.

ஆனால் சியேனாவிலும் அருங்காட்சியக அட்டையில் ஓவியன் பெயர் இருக்கிறதே தவிர, தோலைச் சுரண்டியவன் பெயர் இல்லை. அந்த இடத்தை நாம் நிரப்ப முடியாது. நம்மூரில் நிரப்ப முடியும். கம்மாபுரம், விருத்தாசலம், சிதம்பரம் பக்கத்துக் காலனிகளில் பறை கட்டத் தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பெரும்பாலும் வயசானவர்கள். இந்தப் பக்கத்தைப் படிக்கும் மாணவத் தோழர்கள் ஆளுக்கொரு நோட்டு வாங்கிக்கொண்டு அவரவர் ஊருக்குப் போங்கள். யார் உரித்தார், யார் மயிர் வழித்தார், யார் பசை காய்ச்சினார் என்று பெண்கள் பெயரும் சேர்த்து எழுதுங்கள். சாவுக்கு என்ன அடி, சாமிக்கு என்ன அடி, கல்யாணத்துக்கு என்ன அடி என்று கேட்டு, அவர்கள் வாயால் சொல்லும் சொல்லிலேயே எழுதுங்கள். என்ன கூலி கொடுத்தார்கள், என்ன கொடுக்காமல் ஏமாற்றினார்கள் என்று எழுதுங்கள். எந்த வருசம், யார் கூடி, அடிக்க மாட்டோம் என்று சொன்னார்கள் என்பதையும் எழுதுங்கள். தங்கம் பூச வேண்டாம். நாற்பது பக்க நோட்டும் பேனாவும் போதும். நான் எங்க காலனியில் தொடங்கிவிட்டேன். முதல் பக்கத்தில், பசை காய்ச்சியவர் என்ற இடத்தில், ஆயாவின் பெயரை எழுதியிருக்கிறேன்.